பெரிய வேலை என்பது எது? பொது மராமத்துக்களும் அவற்றின் மேற்பார்வையும்

ஏரிக்கரை உடைந்தால் கிராமத்தில் முதலில் எழும் கேள்வி, அதை அடைப்பது யாருடைய பொறுப்பு என்பதே. தமிழ்நாட்டில் இதற்கு விடை ஏரியின் பழமையிலோ உடைப்பின் அகலத்திலோ இல்லை; ஏரியின் ஆயக்கட்டில் இருக்கிறது. 100 ஏக்கராவுக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு, குறைந்த நிலத்துக்குப் பாயும் ஏரி பஞ்சாயத்து யூனியனைச் சேர்ந்தது. அந்த அளவும் அதற்கு மேலும் பாய்வது சர்க்காரின் நீர்ப்பாசன இலாகாவைச் சேர்ந்தது. 98 ஏக்கரா ஏரிக்கும் 102 ஏக்கரா ஏரிக்கும் மழை ஒன்றே, மண் ஒன்றே. கரை உடைந்தால் நஷ்டமும் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் மனு எழுத வேண்டிய விலாசம் வேறு. பணம் வரும் வழி வேறு. வேலையைப் பார்வையிட வரும் உத்தியோகஸ்தர் வேறு. கணக்கைத் தணிக்கை செய்பவர் வேறு.

ஒரு வேலை பெரியதா சிறியதா என்று சர்க்கார் வகுக்கும் இலக்கணம் வெறும் காகித விவகாரமன்று என்பது இதனால் விளங்கும். யார் அனுமதி கொடுக்க வேண்டும், யாரைக் கலந்துகொள்ள வேண்டும், தவறு நேர்ந்தால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பவை யாவும் அந்த இலக்கணத்தைப் பற்றியே நிற்கின்றன. இந்திய தேசத்தின் நீர்ப்பாசன வேலைகளின் சரித்திரத்தை எடுத்துக்கொண்டால் இவ்விஷயம் நன்கு புலப்படும். இந்த இலக்கணம் அவற்றில் பலமுறை மாறியிருக்கிறது, ஒவ்வொரு மாறுதலுக்கும் பின்னால் ஒரு கஷ்டம் இருந்திருக்கிறது.

கம்பெனி ஆட்சியின் பெரும்பகுதிக் காலத்தில் பொது மராமத்து என்பது ராணுவ போர்டுகளின் கையில் இருந்தது. ஸர் ஆர்தர் காட்டன் 1836-ம் வருஷம் கொள்ளிடத்தின் மேலணையைக் கட்டியதும், 1847 முதல் 1852 வரை கோதாவரியில் தவளேசுவரம் அணையைக் கட்டியதும் அக்காலத்து வேலைகளே. டல்ஹௌஸி பிரபுவின் காலத்தில், 1854-ம் வருஷத்தை ஒட்டி, பொது மராமத்து இலாகா தனியாக ஏற்பட்டது. இலாகா ஏற்பட்டதே யொழிய, எவ்வளவு பெரிய வேலையை எந்தப் பணத்தைக்கொண்டு செய்வது என்பதற்கு அப்பொழுது விதி கிடையாது. கோதாவரி அணை நல்ல லாபம் தந்ததைக் கண்டவர்கள், ஆற்றில் அணை போட்டால் எங்கும் பொன் விளையும் என்று நம்பத் தலைப்பட்டார்கள். அந்த நம்பிக்கையின் பலனே கர்நூல்–கடப்பை கால்வாய்.

இந்தக் கால்வாயின் கதையைச் சற்று விரிவாகவே அறிந்துகொள்வது நலம். 1858-ம் வருஷம் இங்கிலாந்தில் சென்னை நீர்ப்பாசனக் கம்பெனி என்று ஒன்று ஏற்பட்டது. அதன் மூலதனம் 10 லக்ஷம் பவுன். அத்தொகைக்கு வருஷத்துக்கு நூற்றுக்கு 5 வீதம் வட்டி கிடைக்கும்படி சர்க்கார் ஜாமீன் நின்றார்கள். கால்வாயில் தண்ணீர் ஓடினாலும் ஓடாவிட்டாலும், குடியானவன் அதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பங்குதாரருக்கு வட்டி நிச்சயம் என்பது இதன் பொருள். வட்டி நிச்சயமான பிறகு எஸ்டிமேட்டைக் குறைத்துப் பார்க்கவும், வேலையைச் சீக்கிரம் முடிக்கவும் கம்பெனிக்கு என்ன அவசரம்? துங்கபத்திரையில் சுங்கேசுலாவில் அணை கட்டி, அங்கிருந்து கடப்பை வரையில் பாசனத்துக்கும் படகுப் போக்குவரத்துக்கும் ஒருங்கே உதவும் கால்வாயை வெட்டத் தொடங்கினார்கள். 1866-ம் வருஷத்திற்குள் மூலதனம் முழுவதும் கரைந்துபோயிற்று. வேலை பாதியிலே நின்றது. சர்க்கார் மறுபடியும் 6 லக்ஷம் பவுன் கடன் கொடுத்துத் தூக்கிவிட வேண்டியதாயிற்று. நனைத்துச் சுமந்த கதைதான்.

கால்வாய் ஒருவாறு முடிந்த பின்னரும் கஷ்டம் தீரவில்லை. அது ஓடிய பிரதேசத்தின் பெரும்பகுதி கறுப்பு ரேகடி மண். அங்கே சோளமும் பருத்தியும் மானாவாரியாகவே விளைந்துவந்தன. ஈரத்தை வெகுநாள் காக்கும் அந்த மண்ணுக்குக் குடியானவர்கள் தீர்வை கொடுத்துத் தண்ணீர் வாங்க விரும்பவில்லை. மழை பொய்த்த காலத்தில் மாத்திரம் தண்ணீர் கேட்டார்கள். இதை எந்த ரெட்டியாரிடம் கேட்டிருந்தாலும் ஒரு நாழிகையில் சொல்லியிருப்பார். திட்டம் போட்டவர்கள் ஆற்றை அளந்தார்கள், மேடுபள்ளத்தை அளந்தார்கள். அந்த மண்ணை உழுகிறவனுடைய கணக்கைத்தான் அளக்கவில்லை. முடிவில் 1882-ம் வருஷம் சர்க்காரே கம்பெனியை விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். ஒரிஸ்ஸாவில் இதே மாதிரி ஏற்பட்ட மற்றொரு கம்பெனியின் வேலைகள் அதற்கு முன்பே, 1868-ம் வருஷ முடிவில், சர்க்கார் வசமாகிவிட்டன. ஜாமீன் கொடுத்துவிட்டு மேற்பார்வையை விட்டுவிடுவது எப்படி முடியும் என்பதற்கு இவ்விரண்டும் பின்னால் வந்தவர்களுக்குச் சான்றாக நின்றன.

இதற்குள் மற்றொரு முறை உருவாகிக்கொண்டிருந்தது. 1867-ம் வருஷம் முதல் சர்க்கார் தாமே கடன் வாங்கிப் பெரிய பாசன வேலைகளைச் செய்யத் தொடங்கினார்கள். கடன் வாங்கிச் செய்வதால், கடனுக்கு வட்டி கட்டக்கூடிய வேலை எது என்று பிரித்தறிவது அவசியமாயிற்று. அவ்வாறு பிறந்ததே “லாபகரமான வேலை” என்னும் இலக்கணம். வேலை முடிந்து பத்து வருஷத்துக்குள், அதிலிருந்து வரும் நிகர வருமானம் செலவழித்த மூலதனத்துக்கு இன்ன வீதம் வட்டி கொடுக்க வேண்டும் என்று விதித்தார்கள். 1879 முதல் 1919 வரையில் அந்த வீதம் நூற்றுக்கு 4; பின்னர் 5; 1921 முதல் 6. கடன் சந்தையில் வட்டி ஏறினால் அணைக்கு வேண்டிய தகுதியும் ஏறும்! ஆறு மாறவில்லை, நிலம் மாறவில்லை; நேற்று தகுதியாயிருந்த திட்டம் இன்று தகுதியற்றதாகும்.

இந்த இலக்கணத்தின் குறை 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் வெளிப்பட்டது. லக்ஷக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். தண்ணீர் மிக அவசியமாயிருந்த வறண்ட ஜில்லாக்களிலே கால்வாய் வெட்டுவது லாபம் தராது. லாபம் தரும் டெல்டாக்களிலோ பஞ்சம் அவ்வளவு கொடுமையாக இல்லை. ஆகவே வட்டிக் கணக்கு ஒன்றையே கொண்டு வேலைகளைத் தேர்ந்தெடுத்தால், சோறுள்ளவனுக்கே மேலும் சோறு போடுவதாக முடியும். ரிச்சர்டு ஸ்டிரேச்சி தலைமையில் கூடிய பஞ்ச விசாரணைக் கமிஷன் 1880-ம் வருஷம் அறிக்கை வெளியிட்டது. பஞ்ச நிவாரணத்துக்கும் தடுப்புக்கும் என்று வருஷந்தோறும் ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்கும் ஏற்பாடு வந்தது. அதிலிருந்து “பாதுகாப்பு வேலைகள்” என்னும் புதிய வகுப்பு பிறந்தது. வட்டி கட்டாவிட்டாலும் பஞ்சத்தைத் தடுக்கும் வேலை என்பது அதன் இலக்கணம். அக்காலத்துச் சென்னை ராஜதானியைச் சேர்ந்த கஞ்சம் ஜில்லாவின் ருஷிகுல்யா திட்டம் இவ்வகையைச் சேர்ந்தது. 1901 முதல் 1903 வரை ஸ்காட் மான்கிரீப் தலைமையில் நடந்த நீர்ப்பாசனக் கமிஷனும் இத்தகைய வேலைகளைப் பெருக்கும்படி வற்புறுத்திற்று. ஆனால் வகுப்பு என்று பெயர் வைப்பது ஒன்று, பணம் ஒதுக்குவது மற்றொன்று. ராயலசீமைக்கு வேண்டிய துங்கபத்திரை அணை 1860-ம் வருஷத்திலேயே எண்ணப்பட்டும், 1945-ம் வருஷத்தில்தான் வேலை தொடங்கியது. தண்ணீர் வந்தது 1953-ல்.

மேட்டூர் அணையைக் கவனித்தால், ஒரு பெரிய வேலை எத்தனை கைகளைக் கடந்து வரவேண்டியிருந்தது என்பது தெரியும். கர்னல் எல்லிஸ் என்னும் இஞ்சினீயர் 1910-ம் வருஷம் விரிவான திட்டம் கொடுத்தார். அதே சமயத்தில் மைசூர் சமஸ்தானத்தார் கண்ணம்பாடியில் தங்கள் அணையைத் தொடங்கினார்கள். ஒரே ஆற்றில் மேலே ஒருவர், கீழே ஒருவர். 1892-ம் வருஷத்து உடன்படிக்கையை எப்படிப் பொருள்கொள்வது என்று வழக்கு எழுந்தது. 1914-ம் வருஷம் மத்தியஸ்தர் கிரிபின் தீர்ப்புச் சொன்னார். சென்னை சர்க்கார் அதை ஒப்பாமல் லண்டனுக்கு மேல்முறையீடு செய்தார்கள். 1924-ம் வருஷம் பிப்ரவரி 18-ந் தேதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மேட்டூரில் 9,350 கோடி கன அடித் தண்ணீரைத் தேக்கவும், புதிதாக 3,01,000 ஏக்கராவுக்குப் பாய்ச்சவும் அதனால் வழி ஏற்பட்டது.

அதோடு முடியவில்லை. 1919-ம் வருஷத்துச் சீர்திருத்தச் சட்டத்தின்பின் நீர்ப்பாசனம் மாகாண விஷயமாயிற்று என்றாலும், 50 லக்ஷம் ரூபாய்க்கு மேற்பட்ட வேலையும், ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களைப் பாதிக்கும் வேலையும் இந்திய சர்க்கார் வழியாக ராஜாங்க மந்திரியின் அனுமதியைப் பெற வேண்டியிருந்தன. மேட்டூர் இரண்டு வகையாலும் பெரிய வேலை. 1925-ம் வருஷம் அனுமதி கிடைத்து வேலை தொடங்கியது. 1934-ம் வருஷம் ஆகஸ்டு 21-ந் தேதி கவர்னர் ஸ்டான்லி அணையைத் திறந்துவைத்தார். கல்லணைக் கால்வாயும் வடவாற்றுக் கால்வாயும் அத்திட்டத்தைச் சேர்ந்தவையே. எஸ்டிமேட் கொடுத்து அணை திறக்கும் வரையில் 24 வருஷம். அதில் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது 9 வருஷம். எஞ்சியது முழுவதும் காகிதத்திலும் பேச்சிலும் கழிந்தது. இதை வீண் என்று சொல்லிவிட முடியாது; பேசாமல் கட்டியிருந்தால் தண்ணீரில்லாத அணை ஒன்று கட்டியதாக முடிந்திருக்கலாம்.

ஆனால் அந்தக் காகிதங்களில் ஒரு பக்கம் மாத்திரம் மெலிந்தே இருந்தது. அணையின் நீர்ப்பரப்பில் மூழ்கிய கிராமத்தார் எங்கே போய்ப் பிழைப்பது என்பதே அந்தப் பக்கம். 1894-ம் வருஷத்து நில ஆர்ஜிதச் சட்டப்படி நிலத்தின் விலையைக் கொடுத்தால் சர்க்காரின் கடமை தீர்ந்தது. நிலமில்லாத கூலியாளுக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. கோடையில் நீர்மட்டம் மிகத் தாழும் வருஷங்களில் பண்ணவாடியருகே பழைய ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும், கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தோன்றுவதை ஜனங்கள் இன்றும் சென்று பார்க்கிறார்கள்.

இனி, அனுமதி கிடைத்த பின்பு வேலை நடக்குமிடத்தில் மேற்பார்வை எவ்வாறு என்பதைப் பார்க்கலாம். ராஜதானிக் காலத்தில் ஏற்பட்ட முறையே பெரும்பாலும் இன்றும் வழங்குகிறது. முதலில் வேலை தேவை என்று ஒப்பி, பணம் கொடுக்கச் சம்மதிக்கும் நிர்வாக அனுமதி. அதன்பின், வரைபடமும் எஸ்டிமேட்டும் சரியே என்று இஞ்சினீயர் தரும் அனுமதி. பிறகு டெண்டர். செலவு அனுமதித்த தொகைக்குமேல் நூற்றுக்கு 5-ஐத் தாண்டும் என்று கண்டால் திருத்திய எஸ்டிமேட் அனுப்பவேண்டும் என்பது பழைய விதி. மேலதிகாரியின் அனுமதியைத் தவிர்ப்பதற்காக ஒரு வேலையைப் பல துண்டுகளாகக் கூறுபோடக் கூடாது என்றும் விதி உண்டு. அந்த விதி இருப்பதே, அவ்வாறு கூறுபோடுவது வழக்கமாயிருந்தது என்பதற்கு அத்தாட்சி.

இவை யாவற்றினும் முக்கியமானது அளவுப் புத்தகம். காண்டிராக்டருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அதில் பதிந்த நீளம், அகலம், ஆழத்திலிருந்தே பிறக்கிறது. அதன் பக்கங்களுக்கு இலக்கமிட்டிருக்கும். ஒரு தாளையும் கிழிக்கலாகாது. எழுதியதைச் சுரண்டி அழிக்கலாகாது. தவறானால் கோடிட்டு அடித்து, அருகே சரியானதை எழுதிக் கையொப்பமிட வேண்டும். கீழ் உத்தியோகஸ்தர் அளந்ததில் ஒரு பகுதியை மேல் உத்தியோகஸ்தர் நேரில் வந்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும். அஸ்திவாரம் போன்று மண்ணுக்குள் மறையும் வேலையை மூடுவதற்கு முன்பே அளக்கவேண்டும்; மூடியபின் அதன் ஆழம் கடவுளுக்கும் காண்டிராக்டருக்குமே தெரியும். மண் வெட்டிய பள்ளத்தில் ஆழத்தை அறிவதற்காக ஆங்காங்கே வெட்டாமல் சில திட்டுகளை விட்டுவைப்பார்கள். அத்திட்டின்மேல் இரண்டு கூடை மண்ணைக் கொட்டி உயர்த்தினால், பள்ளம் வெட்டாமலே ஆழமாகிவிடும். திட்டின் தலையில் பழைய புல் வேரோடு இருக்கிறதா என்று அனுபவமுள்ள ஓவர்சீயர் குனிந்து பார்ப்பது இதனாலேயே. கோடிக்கணக்கான ரூபாய்த் திட்டத்தின் மேற்பார்வை கடைசியில் ஒருவர் குனிந்து பார்ப்பதில் வந்து நிற்கிறது.

1947-ம் வருஷத்துக்குப்பின் வேலைகளின் அளவே மாறிற்று. 1950-ல் திட்டக் கமிஷன் ஏற்பட்டது. ஆதியில் 5 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பாசன வேலையைப் பெரியது என்றும், 10 லக்ஷத்திலிருந்து 5 கோடி வரையிலானதை நடுத்தரம் என்றும், அதற்குக் குறைந்ததைச் சிறியது என்றும் வகுத்தார்கள். விலைவாசி ஏற ஏற இந்த வகுப்பு அர்த்தமற்றுப்போயிற்று. நேற்றைய நடுத்தர வேலை ஒரு கல்லும் கூடாமலே இன்று பெரிய வேலையாயிற்று. ஆதலால் 1978-ம் வருஷம் ஏப்ரல் முதல் ரூபாயை விட்டு நிலத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 10,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட சாகுபடி நிலத்துக்குப் பாய்வது பெரியது. 2,000 முதல் 10,000 வரை நடுத்தரம். 2,000 ஹெக்டேரும் அதற்குக் குறைந்ததும் சிறியது. ரூபாய் சுருங்கும், ஏக்கரா சுருங்காது. நார்வே தேசத்தார் வேறு வழியில் சென்றார்கள். அங்கே 2000-ம் வருஷம் முதல், பெரிய வேலைகளின் எஸ்டிமேட்டைப் பார்லிமெண்டுக்கு அனுப்புமுன் இலாகாவைச் சேராத வெளி நிபுணர்கள் பரிசோதிக்கவேண்டும் என்று விதித்தார்கள். அவர்கள் பணத்தையே அளவாகக் கொண்டபடியால், 50 கோடி குரோன் என்ற வரம்பை 75 கோடியாகவும், பின்பு 100 கோடியாகவும் உயர்த்திக்கொண்டே போக நேர்ந்தது.

வட்டிக் கணக்கும் கைவிடப்பட்டது. 1964-ம் வருஷம் காட்கில் கமிட்டியின் யோசனைப்படி, சர்க்கார் கஜானாவுக்கு என்ன வரும் என்பதற்குப் பதிலாக, விளைச்சல் முதலியவற்றால் தேசத்துக்கு உண்டாகும் நன்மை செலவைப்போல் எத்தனை மடங்கு என்று பார்க்கும் முறை வந்தது. கொள்கையளவில் இது மேலானதே. ஆனால் வட்டியைக் கணக்குப் புத்தகத்தில் சரிபார்க்கலாம்; நன்மையைத் திட்டம் போடுகிறவரே எழுதுகிறார். பாசன நிலத்தைக் கூட்டியும் செலவைக் குறைத்தும் எழுதினால் எத்திட்டமும் தேறிவிடும்.

நர்மதையில் கட்டிய ஸர்தார் ஸரோவர் அணை இதற்கெல்லாம் உரைகல். 1961-ம் வருஷம் ஏப்ரலில் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். மாகாணங்களிடையே ஏற்பட்ட தகராறு 1969-ல் நியாயசபைக்குச் சென்று 1979-ல் தீர்ப்பாயிற்று. 1988-ம் வருஷம் திட்டக் கமிஷன் 6,406 கோடி ரூபாய்க்கு அனுமதி கொடுத்தது. பின்னர் செலவு பன்மடங்காயிற்று. 138.68 மீட்டர் உயரத்துடன் அணை தேசத்துக்கு அர்ப்பணம் செய்யப்பட்டது 2017-ம் வருஷம் செப்டம்பர் 17-ந் தேதி.

நியாயசபையின் தீர்ப்பு ஒரு விஷயத்தில் முன்னேற்றமானது. நிலத்தில் நாலில் ஒரு பாகத்துக்குமேல் இழந்த குடும்பத்துக்குப் பணம் மாத்திரமன்றி, குறைந்தது 2 ஹெக்டேர் பாசன நிலமும் கொடுக்கவேண்டும் என்று அது விதித்தது. ஆனால் “பாதிக்கப்பட்டோர்” என்பதற்கு அதில் கண்ட பொருள், அணையின் நீரில் மூழ்கும் நிலத்தாரே. கால்வாய் வெட்டுவதற்காக நிலம் இழந்தவர்கள் அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றார்கள். 1985-ல் 45 கோடி டாலர் கடன் கொடுத்த உலக பாங்கி, எதிர்ப்பு வலுத்ததன்பேரில், பிராட்போர்டு மோர்ஸ் தலைமையில் தன்னைச் சாராத பரிசீலனைக் குழுவை நியமித்தது. 1992-ல் வெளியான அதன் அறிக்கை, ஜனங்களை ஊர்மாற்றும் ஏற்பாட்டையும் சுற்றுப்புற ஆராய்ச்சியையும் வன்மையாகக் கண்டித்தது. கால்வாயால் நிலம் இழந்தோர் விடுபட்டதையும் எடுத்துக்காட்டிற்று. 1993-ல் இந்திய சர்க்கார் எஞ்சிய கடன் வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். 2013-ம் வருஷத்து நில ஆர்ஜிதச் சட்டம் 1894-ம் வருஷத்துச் சட்டத்தை நீக்கி, 2014-ம் வருஷம் ஜனவரி முதல் அமுலுக்கு வந்தது. நிலத்தை எடுக்குமுன் ஜனங்களின் வாழ்வுக்கு நேரும் விளைவைக் கணிக்கவேண்டும் என்றும், அந்நிலத்தை நம்பிப் பிழைக்கும் கூலியாளும் பாதிக்கப்பட்டோரே என்றும் அது சொல்லுகிறது. மேட்டூரில் விடுபட்டவருக்குச் சட்டத்தில் ஒரு வரி கிடைக்க ஏறக்குறைய எண்பது வருஷம் சென்றது.

இப்பொழுது மத்திய சர்க்காரின் வேலைகளில் 150 கோடி ரூபாயும் அதற்கு மேற்பட்டவையும் புள்ளிவிவர, திட்ட அமுலாக்க மந்திரி இலாகாவின் கண்காணிப்பில் உள்ளன. முதலில் அனுமதித்த செலவு, இப்போது எதிர்பார்க்கும் செலவு, முதலில் குறித்த தேதி, இப்போது குறிக்கும் தேதி என்று அது வெளியிடும் கணக்கைப் பார்த்தால், எவ்வேலை எத்தனை வருஷம் பின்தங்கியது என்று எவரும் அறியலாம். தாமதத்துக்கு அதில் அடிக்கடி காணும் காரணங்கள் நிலம் கைக்கு வராமை, வன இலாகாவின் அனுமதி, இடையில் திட்டத்தை மாற்றுதல் முதலியன. செலவு முடிந்தபின் கேள்வி கேட்பவர் கணக்குத் தணிக்கைத் தலைவர். அவர் அறிக்கையைப் பரிசீலிப்பது 1921 முதல் இருந்துவரும் பொதுக் கணக்குக் கமிட்டி. 1967 முதல் அதன் தலைவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவராயிருப்பது வழக்கம். ஆயினும் தணிக்கை என்பது மாடு போனபின் தொழுவத்தைப் பார்வையிடுவது போன்றதே. வேலை நடக்கும்போதே பார்ப்பதற்கு அது ஈடாகாது.

வேலை நடக்கும்போதே பார்ப்பதற்குக் கிராமவாசிக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் தஸ்தாவேஜுகளின் நகல் பெறுவதோடு நிற்கவில்லை. நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், குறிப்பெடுத்துக்கொள்ளவும், உபயோகிக்கும் சாமான்களின் மாதிரியை அத்தாட்சியுடன் பெறவும் அச்சட்டத்தின் 2-வது பிரிவு உரிமை தருகிறது. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளைக்குள் பதில் வரவேண்டும். வராவிட்டால் அதே இலாகாவின் மேல் அதிகாரிக்கு அப்பீல் செய்யலாம். வேலையின் பெயர், அனுமதித்த எஸ்டிமேட்டின் தொகை, காண்டிராக்டு முடியவேண்டிய தேதி, அளவுப் புத்தகத்தின் நகல் ஆகிய நான்கையும் மனுவில் தனித்தனியே கேட்கவேண்டும். “முழு விவரம்” என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதிலே வரும். அளவுப் புத்தகத்தின் நகல் கையில் வந்தபின், கரையின் மேலகலம் எத்தனை அடி என்று அதில் எழுதியிருப்பதைப் பார்த்து, ஊரார் நாலு பேர் முன்னிலையில் ஒரு நாடாவைப் பிடித்து அளந்துகொள்ளலாம்.